இயற்கை ஆவணப்பட டிஸ்குகள்: பிரேம் ரேட், படத் தரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் இருக்கும் இயற்கை ஆவணப்பட டிஸ்குகள் நண்பர்கள் வீடுகளுக்கும் உறவினர் வீடுகளுக்கும் போய்வந்தபடியே இருக்கும். திரும்பி வரும்போது ஒவ்வொன்றோடும் ஒரு சந்தேகமும் கூட வரும். பத்துப் பேர் கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய அதேதான். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

பிரேம் ரேட்னா என்ன? ஒரு டிஸ்க்ல 24, இன்னொன்னுல 25, வேற ஒன்னுல 29.97. ஏன் இத்தனை கணக்கு?

வீடியோ என்பது வரிசையாக ஓடும் தனித்தனிப் படங்கள். ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பதுதான் பிரேம் ரேட். பேசும் படம் வந்த 1920களின் இறுதியில் சினிமா 24-ல் நிலைத்துவிட்டது. தொலைக்காட்சியோ அந்தந்த நாட்டு மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டன், ஐரோப்பா, இந்தியா, இலங்கை எல்லாம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. அதில் பாதி 25. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், பாதி 30. 1953-ல் அங்கே வண்ண ஒளிபரப்புக்கு விதிமுறை வகுத்தபோது, வண்ண அலையும் ஒலி அலையும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்க அந்த 30-ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு போலக் குறைத்தார்கள். 29.97 அப்படி வந்தது. அதே விகிதத்தில் 24-ஐக் குறைத்தால் 23.976.

நாம் விரும்பிப் பார்க்கும் தொடர்களில் பெரும்பங்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1957 முதல் இயங்கும் பிபிசி இயற்கை வரலாற்றுப் பிரிவின் உழைப்பு. அது 25 பிரேம் ஊர். இந்த 25-ஐ நினைவில் வையுங்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

அட்டைல 1080ஐ-ன்னு போட்டிருக்கு, 1080பி இல்ல. மட்டமான டிஸ்க்கை வாங்கிட்டேனா?

இல்லை. என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். நல்ல டிஸ்கைக் கடையிலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

1080பி என்றால் ஒவ்வொரு பிரேமும் 1080 கோடுகளோடு முழுதாக வருகிறது. 1080ஐ என்றால் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை என்று இரண்டு பாதிகளாக வருகிறது. விஷயம் என்னவென்றால், 2006-ல் சந்தைக்கு வந்த ப்ளூ-ரே (டிவிடிக்கு அடுத்து வந்த உயர்தர டிஸ்க்) விதிமுறையில் 1080பி-க்கு 23.976, 24 என்ற இரண்டு வேகங்களுக்கு மட்டுமே இடம் உண்டு. 25 பிரேமுக்கு அதில் இடமே இல்லை. ஆகவே 25-ல் எடுத்த தொடரை அப்படியே டிஸ்கில் கொடுக்க நினைப்பவருக்கு ஒரே வழி, ஒவ்வொரு பிரேமையும் இரண்டு பாதியாகப் பிரித்து நொடிக்கு 50 பாதிகளாக வைப்பது. அட்டையில் அது 1080ஐ ஆகிவிடுகிறது.

இரண்டு சீப்புகளின் பற்களை எதிரெதிராகக் கோத்தால் இடைவெளி இல்லாமல் மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான். இரண்டு பாதிகளும் கேமராவில் ஒரே கணத்தில் பதிவானவை. கோத்துவிட்டால் மூலப் பிரேம் ஒரு கோடு கூடக் குறையாமல் திரும்பக் கிடைக்கும். பிரிட்டிஷ் தொடர் ஒன்றின் அட்டையில் 1080ஐ 50 என்று கண்டால் எனக்கு மகிழ்ச்சிதான். யாரும் வேகத்தில் கை வைக்கவில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறி.

அப்படின்னா எங்க வீட்டுல மட்டும் ஏன் சிறுத்தை ஓடும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியுது?

கோக்கும் வேலையை பிளேயரோ டிவியோ தப்பாகச் செய்கிறது. அந்த இரண்டு பாதிகளும் ஒரே பிரேமைச் சேர்ந்தவை என்று அது முதலில் கண்டுகொள்ள வேண்டும். ஜோடி மாற்றிக் கோத்தால் ஓடும் மிருகத்தின் ஓரத்தில் பல் தெரியும். கண்டுகொள்ளாமல் ஒவ்வொரு பாதியையும் தனிப் படமாக நினைத்து இட்டு நிரப்பினால் பல் தெரியாது. ஆனால் செங்குத்தில் பாதி நுணுக்கம் போய்விடும். வரிக்குதிரையின் மெல்லிய கோடுகளும் ஆந்தையின் நெஞ்சு இறகும் நின்ற இடத்திலேயே நடுங்கும்.

பிளேயர் அமைப்புகளில் ‘ஃபில்ம்’, ‘வீடியோ’, ‘ஆட்டோ’ என்று ஒரு தேர்வு பெரும்பாலும் இருக்கும். ஆட்டோவில் நடுக்கம் இருந்தால் ஃபில்முக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் பிளேயரின் வெளியீட்டை 1080ஐ-க்கே மாற்றி, கோக்கும் வேலையை டிவியிடம் விடுங்கள். இரண்டில் எது நன்றாகச் செய்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆந்தையை வைத்து ஐந்து நிமிடத்தில் தீர்மானித்துவிடலாம்.

அமெரிக்க டிஸ்க்கும் பிரிட்டிஷ் டிஸ்க்கும் ஒரே தொடர்தானே? எபிசோடு நீளம் ஏன் ஒத்துப்போகல?

இரண்டு காரணங்கள். ஒன்று, வெட்டு. அமெரிக்க ஒளிபரப்புக்காகத் தயாரான பதிப்புகளில் காட்சிகளும் மாறும், குரலும் மாறும். 2006-ல் வந்த ‘பிளானட் எர்த்’ தொடருக்கு பிரிட்டனில் டேவிட் அட்டன்பரோ குரல். டிஸ்கவரி சேனல் பதிப்புக்கு சிகர்னி வீவர். 2009-ன் ‘லைஃப்’ அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரீ குரலில் போனது. வாங்கும்போது யார் குரல் என்று அட்டையில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம்தான் இந்தப் பக்கத்துக்கு உரியது. நொடிக்கு 50 பாதிகளாக ஓடும் இந்த 50 ஹெர்ட்ஸ் டிஸ்கைப் பல அமெரிக்க பிளேயர்களும் டிவிகளும் ஏற்பதில்லை. எனவே அங்கே விற்க வேண்டுமென்றால் 25-ஐ ஏதாவது செய்தாக வேண்டும். நல்ல வழி, பிரேம்களைத் தொடாமல் ஓட்டத்தை மட்டும் 4 சதவீதம் மெதுவாக்கி 24 அல்லது 23.976 ஆக்குவது. 50 நிமிட எபிசோடு 52 நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். மோசமான வழி, 25-ஐ 29.97 ஆக்குவது. நொடிக்கு ஐந்து பிரேம்களைப் புதிதாகப் பிறப்பிக்க வேண்டும். இல்லாத பிரேமை எங்கிருந்து கொண்டுவருவது? பக்கத்துப் பிரேம்களைக் கலந்துதான்.

ஆக, ஒரே பதிப்பு என்று உறுதியாகத் தெரிந்து, நீளம் மட்டும் 4 சதவீதம் கூடியிருந்தால் மெதுவாக்கியிருக்கிறார்கள். நீளம் ஒன்றாக இருந்து வேகம் 29.97 என்றால் பிரேம்களைக் கலைத்திருக்கிறார்கள்.

மெதுவாக்கினா அட்டன்பரோ குரல் மாறாதா?

மாறும், திருத்தாமல் விட்டால். 4 சதவீதம் என்பது அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவான இறக்கம். பெரும்பாலானவர்கள் உணர மாட்டார்கள். சுருதி சுத்தமாகக் கேட்பவர்களுக்கு இசை வரும் இடங்களில் உறுத்தலாம். சுருதியை மட்டும் மென்பொருளால் பழைய இடத்துக்கு ஏற்றிவிடவும் முடியும். பறவைக் கூவலுக்கும் இதே கணக்குதான். அந்தப் பறவையின் குரலைக் காட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு வித்தியாசம் தட்டுப்படும்.

பிரேமைக் கலைச்சிருக்காங்களான்னு வீட்டுலயே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, ரிமோட் போதும். வெளிறிய வானத்தில் கரிய சிறகோடு ஒரு பெரிய பறவை பறக்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். ‘பிளானட் எர்த்’தில் கொக்குகள் இமயத்தைத் தாண்டும் காட்சி இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். நிறுத்தி, பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சிறகு ஏறக்குறைய சம அளவு இறங்கினால் பிரேம்கள் மூலத்தில் இருந்தபடியே இருக்கின்றன. ஆறு அழுத்தலுக்கு ஒரு முறை சிறகு அசையாமல் நின்றால், ஒரு பிரேமை இரட்டித்து 25-ஐ 30 ஆக்கியிருக்கிறார்கள். ஒரே சிறகுக்குப் பதில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு மங்கல் சிறகுகள் தெரிந்தால் பக்கத்துப் பிரேம்களைக் கலந்திருக்கிறார்கள். சிறகு நுனியைச் சுற்றி வானம் தண்ணீர் போல நெளிந்தால், அசைவைக் கணித்துப் புதுப் பிரேம் வரையும் கருவி வேலை செய்திருக்கிறது.

எனக்கு இது ஒரு பெட்டித் தொகுப்பில் உறைத்தது. வெளிநாட்டிலிருந்து தருவித்தது, விலையும் அதிகம். பார்க்கும்போது ஏதோ வழுக்குகிறது, எதுவென்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாள் நிறுத்திப் பார்த்தேன். பறவைக்கு நான்கு சிறகு இருந்தது. கடுங்குளிரில் மாதக்கணக்கில் காத்திருந்து ஒருவர் எடுத்த பிரேம் அது.

கணினியில் ப்ளூ-ரே டிரைவ் இருந்தால் பிடிஇன்ஃபோ என்ற சிறு மென்பொருள் டிஸ்கின் வேகத்தையும் பிட் ரேட்டையும் (நொடிக்கு எவ்வளவு தரவு என்பதை) எழுதியே காட்டிவிடும். ஆனால் அது சொல்வது டிஸ்கில் உள்ள எண்ணை. அந்த எண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கண்தான் பார்க்க வேண்டும்.

கனடாவுல இருக்கிற தங்கச்சிக்கு லண்டன்ல வாங்கின டிஸ்க்கை அனுப்பினேன், ஓடலைங்கிறா. டிஸ்க் கெட்டுப்போச்சா?

கெட்டிருக்காது. ப்ளூ-ரேயில் மண்டலப் பூட்டு உண்டு. ஒரு மண்டலத்துக்குப் பூட்டிய டிஸ்க் வேறு மண்டலத்து பிளேயரில் ஓடாது. அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, இலங்கை சி. பல டிஸ்குகளில் பூட்டே போட்டிருக்க மாட்டார்கள். பூட்டில்லாத டிஸ்கும் ஓடவில்லை என்றால் காரணம் மேலே சொன்ன 50 ஹெர்ட்ஸ்தான். திரை கறுப்பாக இருந்து சத்தம் மட்டும் வந்தாலோ, ‘இந்த வடிவம் ஏற்கப்படவில்லை’ என்று வந்தாலோ அதுதான் என்று முடிவு செய்யலாம்.

நம் ஊர் டிவிகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை. நாம் 50 ஹெர்ட்ஸ் நாடு. விற்கும் டிவிகள் 50, 60 இரண்டையும் வாங்கிக்கொள்கின்றன. இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பூட்டு மட்டும் சரியாக இருந்தால் மூல வேகத்திலேயே பார்க்கலாம்.

சுறா தாவுற ஸ்லோ மோஷனை நொடிக்கு ஆயிரம் பிரேம்ல எடுத்தாங்களாமே. டிஸ்க்லயும் அத்தனை பிரேம் இருக்குமா?

நொடிக்கு ஆயிரம் என்று எடுத்ததை 25 என்று ஓட்டுவதால்தான் அது ஸ்லோ மோஷன் ஆகிறது. ஒரு நொடி நாற்பது நொடியாக நீளும். எடுத்த பிரேம் எல்லாம் டிஸ்கில் இருக்கும். நாற்பது நொடிக்குப் பரந்து இருக்கும். தென்னாப்பிரிக்கக் கடலில் வெள்ளைச் சுறா முழு உடம்போடு நீருக்கு மேலே எழும் காட்சியில் ஒவ்வொரு நீர்த்துளியும் கூர்மையாக நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு பிரேமும் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே வெளிச்சம் வாங்கியது. சாதாரணக் காட்சியில் அது ஐம்பதில் ஒரு நொடியாக இருக்கும். அசைவு கொஞ்சம் இழுபட்டுத் தெரியும்.

டைம் லாப்ஸ் இதற்கு நேர் எதிர். பூ விரிவதைச் சில நிமிடத்துக்கு ஒரு படம் என்று எடுத்து 25 வேகத்தில் ஓட்டுவது. பெரும்பாலும் புகைப்படக் கேமராவில் எடுப்பதால், ஒரே எபிசோடில் மிகத் துல்லியமான காட்சி அதுவாகவே இருக்கும்.

ஒரே எபிசோடுல ஒரு காட்சி கண்ணாடி மாதிரி இருக்கு, அடுத்தது புள்ளி புள்ளியா மங்கலா இருக்கு. டிஸ்க் தயாரிச்சவங்க கவனக்குறைவா?

பெரும்பாலும் இல்லை. ஒரு கேமராவை வைத்துக்கொண்டு இந்தத் தொடர்களை எடுக்க முடியாது. ‘பிளானட் எர்த்’தில் பேனாசோனிக்கின் வேரிகேம் நிறைய வேலை செய்தது. வேகத்தை மாற்றி மாற்றி எடுக்கும் வசதிக்காக அதை வைத்துக்கொண்டார்கள். ஆனால் அது பதிவு செய்வது 720 கோடுகள். டிஸ்கில் 1080 ஆகப் பெரிதாக்கியதுதான் வரும். போட்ஸ்வானாவில் ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் வேட்டையாடுவதை ஹெலிகாப்டரின் அடியில் தொங்கிய கேமராவில் எடுத்தார்கள். தொலைவிலிருந்து எடுத்ததால் நாய்கள் வேட்டையைக் கைவிடவில்லை. அப்படி ஒரு முழு வேட்டை கிடைப்பதற்கு முன்னால் கொஞ்சம் கூர்மை குறைவது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இரவுக் காட்சிகள் இன்னும் வேறு. போட்ஸ்வானாவின் சவூட்டியில் சிங்கங்கள் யானையை வீழ்த்தும் காட்சி அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்தது, நிறமே கிடையாது. 2016-ல் வந்த ‘பிளானட் எர்த் 2’-ன் நகரங்கள் எபிசோடில் மும்பைச் சிறுத்தைகளை உடல் சூட்டைப் பதியும் கேமராவில் பிடித்தார்கள். அதில் மீசை மயிரைத் தேடக் கூடாது. இருட்டில் பன்றியை நோக்கி ஒரு வெளிர் உருவம் நகர்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். 2017-ன் ‘புளூ பிளானட் 2’-வில் திருக்கை மீன்கள் கடலின் உயிரொளியில் மின்னும் காட்சியிலும் புள்ளிகள் உண்டு. வெளிச்சம் அவ்வளவுதான் இருந்தது.

டிஸ்க் தயாரித்தவர் மேல் குறை சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. இந்தப் புள்ளிகளை மென்பொருளால் வழித்துத் துடைத்துவிடுவது. அப்போது புள்ளியோடு மயிரும் இறகும் போய், மிருகம் மெழுகு பொம்மை போல ஆகிவிடும். எனக்குப் புள்ளியே மேல்.

பறவைக் கூட்டம், மீன் கூட்டம் வந்தா மட்டும் படம் கட்டம் கட்டமா உடையுதே?

அதுதான் டிஸ்குக்கு வைக்கும் பரீட்சை. வீடியோவைச் சுருக்கும் முறை எல்லாமே ‘முந்தின பிரேமில் இருந்தது இதிலும் இருக்கும்’ என்ற நம்பிக்கையில் ஓடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து பேசும் மனிதரை அப்படிச் சுருக்கலாம். ஆப்பிரிக்கப் புல்வெளியில் செவ்வலகு குவேலியாக் குருவிகள் லட்சக்கணக்கில் புகைபோலத் திரும்பும்போது, முந்தின பிரேமில் இருந்த எதுவும் அடுத்ததில் அதே இடத்தில் இருக்காது. கொட்டும் பனியும் அலை நுரையும் காற்றில் புல்லும் இப்படித்தான். இயற்கைப் படங்கள் முழுக்க இவைதானே.

இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ப்ளூ-ரே ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி. ஐம்பது நிமிட எபிசோடு மூன்றை 25 ஜிபியில் வைத்தால், ஒலியையும் சேர்த்து நொடிக்குச் சராசரி 22 மெகாபிட்தான் கிடைக்கும். அதே மூன்றை 50 ஜிபியில் வைத்தால் வீடியோவுக்கு விதிமுறை அனுமதிக்கும் உச்சமான 40 வரை தாராளமாகப் போகலாம். எனவே ஒரு டிஸ்கில் எத்தனை எபிசோடு என்று எண்ணுங்கள். மொத்தத் தொடரும் இரண்டே டிஸ்கில் வருகிறது என்று பெருமையாகப் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

ஆன்லைன்லயே 4கே வருதே அண்ணா. இன்னும் எதுக்கு டிஸ்க்?

4கே என்பது 1080-ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட படம். போன பதிலின் கணக்குதான் இங்கேயும். நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்கக் கேட்கும் இணைய வேகமே நொடிக்கு 15 மெகாபிட். 4கே டிஸ்கில் மூன்றடுக்கு 100 ஜிபி வகை நூறையும் தாண்டிப் போகும். புதிய சுருக்க முறைகள் திறமையானவை, அதனால் அமைதியான காட்சிகளில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். குருவிக் கூட்டம் வரட்டும், அப்போது பாருங்கள்.

4கே டிஸ்க்ல இந்த 25 பிரேம் தகராறு தீர்ந்துடுச்சா?

விதிமுறையில் தீர்ந்துவிட்டது. 2016-ல் வந்த 4கே ப்ளூ-ரே 23.976, 24, 25, 50, 59.94, 60 எல்லாவற்றையும் முழுப் பிரேமாகவே ஏற்கிறது. 4கே படத்தில் பாதி பாதியாக வெட்டும் வழக்கமே இல்லை. மண்டலப் பூட்டும் இல்லை.

நடைமுறையில், உலகம் முழுக்க ஒரே டிஸ்கை விற்க நினைப்பவர் அமெரிக்காவை நினைத்து 24-க்கு மெதுவாக்கவும் வாய்ப்புண்டு. அது பெரிய நஷ்டமில்லை என்று மேலேயே சொன்னேன். பிரேம்கள் அத்தனையும் அப்படியே இருக்கும்.

எச்டிஆர்னா வெறும் பளபளப்புதானே? இயற்கைப் படத்துக்கு அது தேவையா?

தேவை, அதிலும் வெளிச்சத்தைவிட நிறப் படிகளுக்காக. எச்டிஆர் என்பது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே அதிக வீச்சைக் காட்டும் முறை. சாதாரண ப்ளூ-ரே 8 பிட். கறுப்பிலிருந்து வெள்ளை வரை பயன்படுபவை 220 படிகள். 4கே எச்டிஆர் டிஸ்க் 10 பிட், 877 படிகள். அந்தி வானத்தையோ, மேலே வெளிர் நீலமாகத் தொடங்கி அடியில் இருண்டுபோகும் கடலையோ 220 படியில் காட்டினால் வண்ணம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். இது பலர் டிவியின் பழுது என்று நினைக்கும் விஷயம்.

வெளிச்சத்துக்கும் ஓர் எடுத்துக்காட்டு. பனிக்கட்டி மேல் வெண்கரடி நிற்கிறது. சாதாரண டிஸ்கில் பனி முழு வெள்ளையாக வெடித்துவிடும், அல்லது கரடி அழுக்காகும். எச்டிஆரில் பனியின் மினுக்கமும் கரடியின் மஞ்சள் கலந்த மயிரும் ஒன்றாக நிற்கும். 2016 டிசம்பரில் பிபிசி தன் இணையச் சேவையில் எச்டிஆர் 4கே-யைச் சோதித்தபோது ‘பிளானட் எர்த் 2’-ன் நான்கு நிமிடத் துணுக்கைத்தான் எடுத்துக்கொண்டது.

டிவில மோஷன் ஸ்மூத்திங் ஆன் பண்ணா வழவழன்னு நல்லாத்தானே இருக்கு? நீங்க ஏன் ஆஃப் பண்ணச் சொல்றீங்க?

சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர்தான் வேறு. மூன்றும் இரண்டு பிரேமுக்கு நடுவே கற்பனையாக இன்னொன்றை வரைகின்றன. கொக்கின் சிறகைச் சுற்றி வானம் நெளிவதைப் பற்றி மேலே எழுதினேனே, அதே வேலையை உங்கள் வீட்டிலேயே செய்கிறீர்கள். நொடிக்குப் பல பத்து முறை சிறகடிக்கும் ரீங்காரச்சிட்டின் சிறகு, அடுத்தடுத்த இரண்டு பிரேமில் எங்கே இருந்தது என்று எந்தக் கணிப்பாலும் சொல்ல முடியாது. சிறகைச் சுற்றி ஒரு கலங்கல் வளையம்தான் மிஞ்சும்.

ஹெலிகாப்டர் காட்சிகளில் மட்டும் அது இதமாக இருப்பதை மறுக்க மாட்டேன். முழுக்க நிறுத்த மனமில்லை என்றால் ஆகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அது தானாகவே இதை நிறுத்திவிடும்.

கேமரா பக்கவாட்டுல திரும்பும்போது மரமெல்லாம் தத்தித் தத்திப் போகுது. இது எந்தக் கோளாறு?

மூன்றில் ஒன்றாக இருக்கலாம். 24, 25 பிரேமில் வேகமாகத் திரும்பினால் இயல்பாகவே கொஞ்சம் தத்தும், திரையரங்கிலும் தத்தும். அதற்கு மருந்தில்லை. 24 பிரேம் டிஸ்கை 60 ஹெர்ட்ஸில் வெளியிட்டால் ஒரு பிரேம் மூன்று தடவையும் அடுத்தது இரண்டு தடவையுமாக வரும். நொண்டி நடப்பது போல இருக்கும். பிளேயரில் 24பி வெளியீட்டை ஆன் செய்தால் போய்விடும். மூன்றாவது, நொடிக்கு ஐந்து தடவை சீராக ஒரு சிறு இடறல். அது பிரேமை இரட்டித்த டிஸ்க்; உங்கள் பக்கம் செய்ய எதுவும் இல்லை.

அப்போ எல்லாத்தையும் 50 இல்ல 60 பிரேம்ல எடுத்துட வேண்டியதுதானே?

எடுக்கலாம், விளையாட்டுப் போட்டிகளை அப்படித்தான் பார்க்கிறோம். ஆனால் பிரேமை இரட்டித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் பாதியாகும். விடியலுக்கு முந்தைய காட்டில் அந்தப் பாதிதான் படம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசம். ரசனையும் உண்டு. கலாபகஸின் பெர்னாண்டினா தீவில் பாம்புக் கூட்டத்திடமிருந்து இகுவானாக் குஞ்சு தப்பி ஓடும் காட்சி 50-ல் இருந்திருந்தால் நேரலை போல இருந்திருக்கும். 25-ல் அது கதையாக இருக்கிறது. இது என் கருத்து மட்டுமே. கடலடிக் காட்சிகளை 50-ல் பார்க்க எனக்கும் ஆசை உண்டு.

பழைய தொடர்கள்லாம் இப்போ ப்ளூ-ரேல வருதே, அது நிஜ எச்டியா?

எதில் எடுத்தார்கள் என்பதைவிட எதில் முடித்தார்கள் என்று கேளுங்கள். 16 மில்லிமீட்டர் பிலிம் சுருளில் எடுத்து, அந்தச் சுருள் பத்திரமாக இருந்து, இப்போது புதிதாக ஸ்கேன் செய்தால் டிவிடியில் இல்லாத நுணுக்கம் நிச்சயம் கிடைக்கும். ஆனால் பிலிமில் எடுத்துவிட்டு, எடிட்டிங்கை அந்தக் கால வீடியோ டேப்பில் முடித்த தொடர்கள் ஏராளம். கையில் இருப்பது டேப் மட்டும் என்றால் டிஸ்க் எச்டியாக இருந்தாலும் படம் பழைய படம்தான். 576 கோடுகளை 1080 ஆக ஊதியது. சுருளைத் தேடி எடுத்து ஒவ்வொரு வெட்டையும் மறுபடி ஒட்டுவது மிகுந்த செலவும் உழைப்பும் பிடிக்கும் வேலை. உறையில் ‘மூலப் பிலிமிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்யப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

செகண்ட் ஹாண்ட்ல எச்டி டிவிடின்னு ஒன்னு மலிவா கிடைக்குது, வாங்கலாமா?

ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. ப்ளூ-ரேயோடு போட்டியிட்ட வடிவம் அது. தோஷிபா 2008 பிப்ரவரியில் கைவிட்டது. ‘பிளானட் எர்த்’ அதிலும் வந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பிரிட்டிஷ் டிஸ்க், 25 பிரேம், எல்லாம் சரி. ஆனா லேப்டாப்ல பாத்தா இடறுது, அதே டிஸ்க் டிவில சுத்தமா ஓடுது. ஏன்?

லேப்டாப் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பித்துக்கொள்கிறது. 25 அதில் சமமாக வகுபடாது. ஒரு பிரேம் இரண்டு தடவை, இன்னொன்று மூன்று தடவை என்று 2, 2, 3, 2, 3 தாளத்தில் வரும். 120 ஹெர்ட்ஸ் திரை வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 24 பிரேமுக்கு அது சரி, ஐந்து ஐந்தாக வகுபடும். 25-க்கு 120-ம் வகுபடாது. 50 அல்லது 100 வேண்டும்.

பல லேப்டாப் திரைகளில் 50 கிடைக்காது. எச்டிஎம்ஐ கம்பியில் டிவியோடு இணைத்து, கணினியின் டிஸ்ப்ளே அமைப்பில் புதுப்பிப்பு வேகத்தை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றாமல், மூடிவிட்டு மாற்றித் திரும்பத் திறங்கள். பிறகு காட்டுநாய்களை மேலிருந்து காட்டும் அந்த ஹெலிகாப்டர் காட்சியைப் போட்டுப் பாருங்கள். நிலம் இடறாமல் வழுக்கிக்கொண்டு போனால் சரியாகிவிட்டது. நாய்களின் நிழல் அவற்றோடு ஓடுவதும் அப்போது தெளிவாகத் தெரியும்.